எந்தச் சனிக்கிழமையும் சரிதான்

காரியம் செய்கிறவர்கள் ஒரு ரகம், தட்டிக் கழிக்கிறவர்கள் ஒரு ரகம், உலகமே இவ்வளவுதான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மூன்றாவது ரகத்தை இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். இந்த மூன்றாமவர் காரியத்தைச் செய்யவும் மாட்டார், முடியாது என்று சொல்லவும் மாட்டார். தேதி குறிப்பார். நாள்குறிப்பார் என்றே இவருக்குப் பெயர் வைத்துவிடுவோம்.

இவரைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். டெக்ஸஸில், ஃபிரிஸ்கோவில் புதிதாக வீடு முளைக்கும் எந்தத் தெருவிலும் நாலு வீட்டுக்கு ஒருவர் கிடைப்பார். "ஒரு காபி குடிக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள், "கேலண்டர் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பார். வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொங்கல் பாட்லக் என்றைக்கு என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஐந்து தேதி போட்டு ஓட்டெடுப்பு வைப்பார், நாற்பது குடும்பமும் ஓட்டுப் போட்டு முடித்ததும், "இன்னொரு ஆப்ஷனும் பார்க்கலாமே" என்று ஆறாவது தேதி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார், அதற்குள் மாசி பிறந்துவிடும். கோபம் வருமா, வராதா?

இந்த இனத்தில் ஒரு உயர்தர மாதிரியை எடுத்துக்கொள்வோம். சேனாபதி. லாஸ் கொலினாஸில் ஒரு கம்பெனியில் புரோகிராம் மானேஜர். பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். படை கிளம்பியதே இல்லை, கிளம்ப வேண்டிய தேதி மட்டும் எப்போதும் தயாராக இருக்கும். அவருடைய ஈமெயில் ஒவ்வொன்றும் ஒரே வரியில்தான் முடியும்: 'பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.' தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடியைத் தரையில் நட டெக்ஸஸ் பனி எந்த வாரம் விடைபெறும் என்று மூன்று வருஷம் ஆராய்ச்சி பண்ணினார். மூன்றாம் வருஷம் தேதி கிடைத்தது. செடி இல்லை. மனைவி ஷ்யாமளா அந்தக் காலித் தொட்டியை வாசலிலேயே வைத்திருக்கிறாள், எடுக்கக் கூடாதாம்.

இப்பேர்ப்பட்டவரிடம் போய் மகள் வெண்பா ஒரு தேதி கேட்டாள். பாவம், வேறு அப்பா இல்லை.

விஷயம் இதுதான். வெண்பாவுக்கு வயது பதினாறு. கூடப் படிக்கும் ஜூடித், போன வருஷம் தன் அப்பா பால்துரையுடன் மான் வேட்டைக்குப் போய்வந்தாள். பால்துரை நாசரேத்துக்காரர், இர்விங்கில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரில் கொக்குச் சுட்ட கை, இங்கே வந்து சும்மா இருக்குமா? அபிலீன் தாண்டி ஒரு பண்ணையில், பதினேழு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கென்று சனிக்கிழமைகளில் வேட்டை நடத்துகிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான். மான் என்றால் ஏதோ அமெரிக்க மான் என்று நினைக்காதீர்கள். கிண்டியில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோமே, முறுக்குக் கொம்பும் வெள்ளை வயிறுமாக, அதே வெளிமான். எந்தக் காலத்திலோ டெக்ஸஸுக்கு வந்து, விசா ஸ்டாம்பிங், கிரீன் கார்டு எதுவும் இல்லாமல் பிள்ளை குட்டி பெற்றுப் பெருகிவிட்டது. ஊரில் அதன்மேல் கை வைத்தால் ஜெயில். இங்கே அதற்கு சீசன்கூடக் கிடையாது, வருஷம் முழுக்கச் சுடலாம்.

வெண்பா இதற்காகக் கோடை விடுமுறை முழுக்கப் பாடுபட்டாள். வேட்டைக்காரர்களுக்கான பாடம் படித்து டெஸ்ட் பாஸ் பண்ணினாள், வாராவாரம் பால்துரையோடு ரேஞ்சுக்குப் போய்க் குறி பார்த்துப் பழகினாள். பதினேழு ஆகிவிட்டால் அந்தப் பண்ணையில் அவள் பெரியவள் கணக்கு. பெரியவர்களுக்கு மூன்று வருஷ வெயிட்டிங் லிஸ்ட், அதற்குள் அவள் காலேஜில் எங்கேயோ இருப்பாள். ஆக, பதினேழுக்கு முன்னால் ஒரே ஒரு சனிக்கிழமை. அப்பாவும் பக்கத்தில் இருக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

"எந்த சனிக்கிழமைன்னாலும் சரிதான் அண்ணாச்சி," என்றார் பால்துரை. "மானு அங்கனதான் மேயுது. நாமதான் போவணும்."

எந்த நாளும் சரி! நாள்குறிப்பாரிடம் சொல்லக்கூடாத ஒரே வாக்கியம் இதுதான். 'இந்தத் தேதி மட்டும்தான்' என்றால் அவர் முனகிக்கொண்டாவது வந்துவிடுவார். எல்லா நாளும் சரி என்றால், எல்லா நாளிலும் உத்தமமான நாள் எது என்று கண்டுபிடிக்காமல் எப்படி விடுவது?

ஷீட் திறந்தார். குறுக்கே சனிக்கிழமைகள், நெடுக்கே காரணங்கள். வெண்பாவின் எஸ்.ஏ.டி. பரீட்சை, ரோபாட்டிக்ஸ் வகுப்பு, பக்கத்து வீட்டுக் கிரகப்பிரவேசம், ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ், காற்றின் திசை, வெயில், கார் டயரின் வயது. ஒத்துவராத கட்டம் சிவப்பு, ஒத்துவந்தால் பச்சை. வீட்டு விசேஷங்களை நிரப்பும் வேலையை ஷ்யாமளாவிடம் கொடுத்தார். அவள் கோயில் காலண்டரைப் பார்த்து அமாவாசை, கிருத்திகை, ராகுகாலம் எல்லாம் போட்டு நிரப்பினாள்.

சேனாபதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்தக் காலத்துல ராகுகாலமா? நான் சயின்டிஃபிக்கா போறேன், பாரு" என்று தன் போனைக் காட்டினார். அதில் சோலுனார் டேபிள் என்று ஒன்று. அமெரிக்க வேட்டைக்காரர்கள் பார்ப்பது. சந்திரன் உச்சியில் இருக்கும்போது மான் மேய வரும், சாயும்போது ஒதுங்கும், இன்னின்ன நேரம் நல்லது, இன்னின்ன நேரம் ஆகாது என்று நாள்வாரியாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

ஷ்யாமளா வாங்கிப் பார்த்தாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள்.

"நல்ல நேரம், கெட்ட நேரம், சந்திரன். இதுவும் பஞ்சாங்கம்தானே?"

"ஐயோ, இது டேட்டா!"

"சரி, டேட்டா. புரட்டாசி சனிக்கிழமை எல்லாத்தையும் சிவப்பு பண்ணிக்கோங்க. சனிக்கிழமை நம்ம வீட்ல முட்டையே உடைக்கிறதில்ல. மானைச் சுடப் போறீங்களா?"

பண்ணிக்கொண்டார். ஷீட் முழுக்க ஒரே சிவப்பு. ஆகஸ்ட் போயிற்று. வெண்பா தினமும் சாப்பாட்டு மேஜையில், "டேட் என்னாச்சு, அப்பா?" என்பாள். "ஆல்மோஸ்ட், கண்ணா" என்பார் இவர். அலட்சியம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மனுஷனுக்குப் பெண் மேல் கொள்ளை ஆசை. அவளுடைய அந்த ஒரே ஒரு காலை நேரத்தில் காற்றுகூடத் தப்பாக வீசிவிடக் கூடாது என்றுதான் இத்தனை பாடும். அதுதான் இந்த வியாதியின் கஷ்டமே, பிரியம் ஜாஸ்தியாக ஆக தேதி தள்ளிப் போகும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு, கல்யாணம் நிச்சயம் பண்ணிவிட்டு வந்தவர் தோற்றார்.

"நவம்பர் எட்டு! புரட்டாசி முடிஞ்சாச்சு, தீபாவளி முடிஞ்சாச்சு, எஸ்.ஏ.டி. இல்ல, ரிலீஸ் இல்ல, காற்று வடக்கு, சோலுனார் பிரமாதம். பதினோரு வரியும் பச்சை. ஏ பிளஸ்!"

வெண்பா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அப்பா, வென் இஸ் மை பர்த்டே?"

"நவம்பர் பதினொண்ணு. ஷீட்ல இருக்கே! மூணு நாள் மார்ஜின் விட்டிருக்கேன்."

"இட்ஸ் அக்டோபர் ட்வென்ட்டி ஃபர்ஸ்ட்."

சேனாபதி ஷீட்டைப் பார்த்தார். பர்த்டே என்ற வரியில் நவம்பர் பதினொன்று என்றுதான் இருந்தது. ஷ்யாமளா மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அது நட்சத்திரப் பிறந்தநாள். ஐப்பசி பூசம். கோயில்ல அர்ச்சனைக்குத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சுப் போட்டேன். உங்க பொண்ணு பொறந்த தேதி உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமலா? ஆஸ்பத்திரி வராந்தாவில் கையில் வாங்கிய நேரம் நிமிஷ சுத்தமாகத் தெரியும். ஆனால் நாள்குறிப்பார் மண்டையில் இருப்பதை நம்பமாட்டார், ஷீட்டில் இருப்பதைத்தான் நம்புவார்.

அக்டோபர் இருபத்தொன்றுக்கு முன்னால் மீதி இருந்தது மூன்று சனிக்கிழமை. மூன்றும் ரத்தச் சிவப்பு. "ரெண்டே நாள் டைம் குடு கண்ணா, ரீப்ளான் பண்றேன்" என்றார். வெண்பா எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

வியாழக்கிழமை மத்தியானம், ஆபீஸில் இருந்தவருக்கு ஒரு கேலண்டர் இன்வைட் வந்தது. அனுப்பியவர்: வெண்பா. விஷயம்: மான் வேட்டை. தேதி: நாளை மறுநாள், சனிக்கிழமை. முந்தின நாள் மாலை ஆறு மணிக்குக் கிளம்புவது. அவசியம் வர வேண்டியவர்கள்: வெண்பா, பால்துரை அங்கிள். வந்தாலும் வராவிட்டாலும் சரி என்ற ஆப்ஷனல் வரிசையில் ஒரே ஒரு பெயர், அப்பா.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களை அந்த வரிசையில் போட்டவர் அவர். தன் பெயரை அங்கே பார்த்ததும் சுருக்கென்றது. கீழே வருகிறேன், வரவில்லை என்று பொத்தான்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை அமுக்கியிருக்கலாம் அல்லவா? அமுக்கவில்லை. பக்கத்தில் வேறு நேரம் சொல்ல ஒரு பொத்தான் இருக்கிறது பாருங்கள், கை பழக்கத்தில் அங்கேதான் போயிற்று. அடுத்த சனிக்கிழமை போட்டார், அன்றைக்குச் சந்திரன் கொஞ்சம் தேவலை. அடியில் வழக்கமான வரியும் சேர்ந்தது: பதில் வராவிட்டால் சம்மதம்.

பதில் வரவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரிலீஸ் மீட்டிங்கில் இருந்தபோது வெண்பா அறை வாசலில் வந்து நின்றாள். ஆரஞ்சுத் தொப்பி, தோளில் பை. ரேஞ்சுக்குப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு விரலைக் காட்டினார், ஒரு நிமிஷம். அவள் கதவில் சாய்ந்து நின்றாள். திரும்பிப் பார்த்தபோது காணவில்லை.

மறுநாள் காலை காபியோடு கேட்டார், "வெண்பா இன்னும் எழுந்திருக்கலையா?"

"நேத்து சாயங்காலமே போயாச்சே. பால்துரை வந்து கூட்டிட்டுப் போனார்."

"புரட்டாசி சனிக்கிழமைடீ! நீ எப்படி விட்டே?"

"பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன், நீ கெளம்புன்னு சொன்னேன். பெருமாள் கேட்டுப்பார். வயசு கேக்குமா?"

ராகுகாலம் பார்க்கிறவள் அனுப்பிவிட்டாள். சயின்ஸ் பார்க்கிறவர் காபி ஆறிப்போக உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதே முக்காலுக்குப் போட்டோ வந்தது. நட்டநடு ராகுகாலம். சோலுனாரில் அன்றைக்கு மார்க்காக ஒரு ஸ்டார்கூட இல்லை, காற்று தெற்கே இருந்து. மானுக்கு இதெல்லாம் யார் சொல்வது? புல்லில் முறுக்குக் கொம்போடு மான், பக்கத்தில் மண்டியிட்டு வெண்பா, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு முகம். கீழே பால்துரை எழுதியிருந்தார்: 'அண்ணாச்சி, பிள்ளை ஒரே வெடி. கை நடுங்கவே இல்ல. அப்புறமாத்தான் நடுங்குச்சு.'

அப்புறம் நடுங்கிய அந்தக் கையை யார் பிடித்துக்கொண்டார்கள்? சேனாபதி படத்தைப் பெரிதாக்கி அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவளிடம், "ரொம்ப சாரி, கண்ணா. அடுத்த தடவை கண்டிப்பா..." என்று ஆரம்பித்தார்.

"தேர்ஸ் நோ நெக்ஸ்ட் டைம், அப்பா," என்றாள் வெண்பா. கோபமாகக்கூட இல்லை. "ஐ வெய்ட்டட். லெவன் மினிட்ஸ்."

ஒரு நிமிஷம் என்று காட்டிய விரலுக்குப் பதினோரு நிமிஷம் நின்றிருக்கிறது குழந்தை.

அதோடு மனுஷன் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கறி இப்போது பால்துரை வீட்டு ஃப்ரீசரில் இருக்கிறது. புரட்டாசி முடிந்து பத்து நாள் ஆயிற்று, "எப்ப சமைக்கலாம்?" என்று ஷ்யாமளா கேட்டாள், "எந்த நாள்னாலும் ஓகே" என்று வெண்பா சொல்லித் தொலைத்தாள். ஆமாம், ஷீட் திறந்தாயிற்று. ஐப்பசி கிருத்திகை, பிரதோஷம், பால்துரையின் நைட் ஷிஃப்ட். முதல் பச்சைக் கட்டம் டிசம்பரில்தான் தென்படுகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். இந்தக் கட்டுரையைக் கண்ணில் பட்ட அன்றைக்கே படித்தீர்களா, வீக்கெண்டில் நிதானமாகப் பார்க்கலாம் என்று எடுத்து வைத்தீர்களா என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. கேட்பது ஒன்றே ஒன்றுதான். உங்கள் வீட்டில் அடுத்துப் பதினேழு ஆகப்போவது யாருக்கு? இங்கிலீஷ் தேதி சொல்லுங்கள், ஷீட்டைத் திறக்காமல்.