சிவநேசனின் பச்சை டிக்குகள்

கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில், சிவநேசனுக்கு ஐம்பத்தொன்பது வயதில் கிட்டார் ஆசை வந்தது. ஆசை என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. உண்மையில் வந்தது வயிற்றெரிச்சல்.

வருஷா வருஷம் தீபாவளிக்கு அவர் வீட்டில் ஓப்பன் ஹவுஸ், வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து. வீடு அவருடையது. கூடாரம் போட்டது அவர். ஆட்டிறைச்சிக்கு விடியற்காலையில் போய் வரிசையில் நின்றதும் அவர்தான். ஆனால் மச்சான் லோகன் கிட்டாரோடு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தால் போதும், கூட்டம் மொத்தமும் அந்த மூலைக்குப் போய்விடும். போன வருஷம் வந்த ஒரு விருந்தாளி, "அண்ணே, வீட்டுக்காரர் எங்க?" என்று அவரிடமே கேட்டுவிட்டார். அதை அவர் இன்னும் மறக்கவில்லை.

"என்னா பெரிய கிட்டாரு? ஆறு கம்பி. நான் நெனச்சா மூணு மாசத்துல, இந்தத் தீபாவளிக்கே வாசிச்சுக் காட்டுவேன்" என்றார் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில்.

அவர் மனைவி தனலெட்சுமி குரலை உயர்த்திப் பேசவே மாட்டார். சிவநேசனுக்குப் பயமே அதுதான்.

"வாசிச்சா?" என்றார் தனம்.

"சனிக்கிழம சனிக்கிழம ஷம்சுதீனோட போய் ரொட்டி சானாய் சாப்பிடுவேன். ரெண்டு. தே தாரேக்கோட. நீ ஒரு வார்த்த பேசக்கூடாது."

இனிப்புநீர் வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவருக்கு ரொட்டி சானாய் என்கிற எண்ணெய்ப் பரோட்டாவும் தே தாரேக் என்கிற இனிப்புப் பால் தேநீரும் கிடையாது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் நண்பர் ஷம்சுதீன் சாப்பிட, எதிரில் உட்கார்ந்து சீனி போடாத தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பார்ப்பார். பார்ப்பதற்குத் தடையில்லை.

"வாசிக்கலைன்னா?"

"நீயே சொல்லு."

"பாலாய் ராயா மண்டபத்துல சனிக்கிழம காலையில எங்களோட ஸும்பா ஆட வரணும். முன் வரிசையில."

அந்த ஸும்பா வகுப்பில் முப்பத்திரண்டு ஆன்டிகள். ஆண்கள் ஒருவர்கூட இல்லை. சிவநேசன் ஒரு கணம் யோசித்தார். வாய் முந்திக்கொண்டது.

"டீல்" என்றார்.

கிள்ளானில் ஒரு கடையில் கிட்டார் வாங்கினார். வீட்டு டேப்லெட்டில் பாடம் சொல்லித் தரும் ஆப் ஒன்றை இறக்கினார். அதில் ஒரு தாடிக்காரப் பையன் சிரித்த முகமாக வாசித்துக் காட்டுவான். அதேபோல் நாமும் வாசிக்க வேண்டும். டேப்லெட் காது கொடுத்துக் கேட்டு, சரியாக இருந்தால் பச்சை டிக் போடும். இருபது பாடம். இருபதாவதில் ஒரு முழு மெட்டு.

முதல் நாள் ஒரு டிக்கும் விழவில்லை. நான்காம் நாள் இடது கை விரல் நுனி நான்கும் சிவந்து, கை கழுவியபோது சவுக்காரம் பட்டு எரிந்தது. கம்பியை அழுத்தியது இடது கை மட்டும்தான். ஆனாலும் அன்று வலது கையும் சேர்ந்து வலித்ததாகச் சொன்னார்.

ஐந்தாம் நாள்தான் கண் திறந்தது. தாடிக்காரன் வாசிப்பதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தார். அதை டேப்லெட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டார். டேப்லெட் கவனமாகக் கேட்டது. பச்சை டிக் போட்டது. "அருமை, சிவா!" என்று ஆங்கிலத்தில் பாராட்டவும் செய்தது.

மனசாட்சி உறுத்தவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் கப்பல் சரக்கைச் சரிபார்த்து டிக் போட்ட மனுஷன் அவர். அவர் கணக்கில், டிக் விழுந்தால் சரக்கு இறங்கிவிட்டது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு டிபார்ட்மெண்ட்.

அதன் பிறகு தினமும் ஐந்து மணிக்கு அறைக் கதவு சாத்தப்படும். கைத்தொலைபேசி வாசிக்கும், டேப்லெட் பாராட்டும், சிவநேசன் கட்டிலில் மல்லாந்து கிடந்து கிட்டார் பையில் ஒளித்த முறுக்கை வாயிலேயே ஊறவைத்துத் தின்பார். கடித்தால் சத்தம் கேட்குமே! ஆறு மணிக்கு முகத்தில் களைப்பை வரவழைத்துக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போவார்.

"எப்படிங்க போவுது?" என்பார் தனம்.

"கஷ்டம்லா. கலைன்னா சும்மாவா?"

"ம்."

தினம் காலை ஏழு மணிக்குத் தனம் அவர் இடது கை விரலில் ஊசி குத்தி இனிப்பின் அளவைப் பார்ப்பார். அந்த மூன்று மாதமும் குத்துவதற்கு முன் விரலைக் கொஞ்ச நேரம் பிடித்து அழுத்திப் பார்த்தார். வாசிக்கிற விரல் என்ற மரியாதை போலும் என்று சிவநேசன் உள்ளுக்குள் பூரித்துப் போனார்.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. அவர் ஒன்பதாம் பாடத்தில் இருப்பதாக நினைத்துத் திறந்தால், டேப்லெட்டில் பதினொன்று வரை டிக் விழுந்திருக்கும். அவர் அதை ஆராயவில்லை. குறைந்த சரக்குக்குத்தான் புகார் வரும். கூடுதலாக வந்ததற்கு யார் வந்து கேட்டிருக்கிறார்கள்? தனத்தின் விரல் நுனிகளில் பிளாஸ்டர் ஒட்டியிருந்ததையும் பார்த்தார். முறுக்குப் பிழிந்து தேய்ந்திருக்கும், பாவம், என்று நினைத்துக்கொண்டார்.

ஓப்பன் ஹவுஸுக்கு முதல் நாள், எலுமிச்சம்பழ அளவில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வந்தார். கம்பிகளைத் தளர்த்தி, கிட்டாரின் வயிற்றுக்குள் போட்டார். தளர்ந்த கம்பியை அப்படியே விட்டுவிட்டார். இனி அதற்கு என்ன வேலை?

மறுநாள் மதியம் கூடம் நிறைந்துவிட்டது. பந்தயக் கதை தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரிந்திருந்தது.

"இந்த வருஷம் மாமா மட்டுந்தான்" என்று லோகன் தன் கிட்டாரைக் கூடத்தை ஒட்டிய அறையில், கட்டில்மேல் வைத்துவிட்டு வந்தான். தனம் நாற்காலியை அந்த அறைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டார். "இங்க உக்காருங்க. ஃபேன் காத்து வரும்" என்று சொல்லிவிட்டு, வடை கருகுது என்று போய்விட்டார். பெண்டாட்டி பார்க்கவில்லையே என்று சிவநேசனுக்கு நெஞ்சு கொஞ்சம் கனத்தது.

சட்டைப் பைக்குள் கைவிட்டுக் கைத்தொலைபேசியை அழுத்தினார். விரல்களை அசைத்தார். ஒரு விநாடி ஒன்றும் இல்லை. அவருக்கு வேர்த்துவிட்டது. பிறகு மெட்டு வந்தது. அடேயப்பா, என்ன மெட்டு! கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். நடுவில் ஓர் இடத்தில் ஒரு சுரம் தடுமாறி மீண்டும் நிமிர்ந்தது. தாடிக்காரன் தடுமாற மாட்டானே என்று சிவநேசன் துணுக்குற்றார். கூட்டத்துக்கோ அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

"ஒரிஜினல் வாசிப்பு பாஸ்! மெஷின்ல போட்டா இந்த மாதிரி தடுக்குமா?" என்று ஷம்சுதீன் கத்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. சனிக்கிழமை ரொட்டி சானாய் வாசம் சிவநேசனுக்கு அங்கேயே வந்துவிட்டது.

ஐந்து மணிக்கெல்லாம் கூட்டம் கலைந்தது. தனம் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சிவநேசன் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, ஸ்பீக்கரை எடுக்கக் கிட்டாருக்குள் விரலை விட்டார். இல்லை. தலைகீழாகக் குலுக்கினார். ஒரு முறுக்குத் துண்டு விழுந்தது.

எங்கே போயிருக்கும் என்று கைத்தொலைபேசியை அழுத்திப் பார்த்தார். மெட்டு கேட்டது. சமையலறையிலிருந்து, அமுங்கிய குரலில். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனார். அது அரிசி டப்பாவில் போய் முடிந்தது. மூடியைத் திறந்தார். ஸ்பீக்கர் அரிசிக்குத் தடுமாற்றமே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தது.

"அப்போ... அங்க வாசிச்சது?"

தனம் ஈரக் கையைச் சேலையில் துடைத்து, இடது கையை அவர் முன் நீட்டினார். விரல் நுனி நான்கும் காய்த்துக் கல்லாகியிருந்தன.

"நடுவுல ஒரு எடத்துல தவறிருச்சுங்க. திரைக்குப் பின்னால வெளிச்சம் பத்தல."

"எப்பருந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரம். வாசிக்கிற விரலு காச்சுப் போவும்னு அந்தத் தாடிக்காரப் பையன் முதப் பாடத்துலயே சொல்றான். ஒங்க விரலு தெனம் காலையில என் கையிலதான இருக்கு? இட்லி மாதிரி இருந்துச்சு. சரி, நீங்க நடக்கப் போற நேரம் டேப்லெட்டு சும்மாத்தானே கெடக்குதுன்னு ஆரம்பிச்சேன்."

சிவநேசனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, நன்றாக வாசித்திருக்கிறாளே என்று ஒரு பெருமையும் வந்து தொலைத்தது. ஆனாலும் ஒரு கடைசி முயற்சி செய்தார்.

"ஊரே பாத்துச்சு தனம். நான்தான் வாசிச்சேன்னு எல்லாருக்கும் தெரியும். அப்போ பந்தயம்..."

"லோகனக் கூப்புட்டுக் கேப்பமா? அவன் கிட்டார்லதான நான் வாசிச்சேன்."

"வேணாம்லா."

தனம் ஸ்பீக்கரில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு அவர் கையில் கொடுத்தார்.

"சனிக்கிழம காலையில ஏழரைக்கு. பயப்படாதீங்க, கை நல்லாவே ஆட்டுறீங்க. இனிமே கால் மட்டும் பழகிக்கிட்டாப் போதும்."