மைத்துனர் முகர்ந்து பார்த்த கார்

"நல்லா இழுத்து மோந்து பாருங்க," என்றாள் மனைவி.

நூலகர் டிக்கிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார். ஒரு மூலையில் பேட்டரி. அதற்கு ஒரு முழத் தூரத்தில் பெட்ரோல் தொட்டி. இரண்டுக்கும் நடுவில் அவருடைய தலை.

"வருதா?"

"வருது."

"எனக்கும்தான் வந்துச்சு. அண்ணனுக்கு வராம இருக்குமா?"

அந்தக் கார் மாமனாருடையது. ஐம்பது வயதைத் தாண்டியது. மாமனார் மறைந்த பிறகு நூலகர் வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. நூலகர் வேலை பார்க்கும் இடத்தில் எல்லாமே பதினைந்து நாளில் திருப்பித் தரவேண்டிய சமாசாரங்கள். திருப்பித் தரவேண்டாத ஒன்று, அதுவும் நாலு சக்கரத்தோடு, அவர் வாழ்க்கையில் இப்போதுதான் வந்திருந்தது. தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார்.

வெயில் காலத்தில் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து பேட்டரி கொதித்து வற்றிப்போனதால், மெக்கானிக் அதைக் கழற்றி, நீளமாக ஒரு தடித்த கேபிள் இழுத்து, டிக்கிக்கு மாற்றிக் கொடுத்தார். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் டிக்கியில் நெடுநாளாகச் சும்மா வீசிக்கொண்டிருந்த பெட்ரோல் வாடை, பேட்டரி குடிவந்த அன்றே உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மனைவியின் அண்ணன். சோப்புக் கம்பெனியில் வாசனை பார்க்கும் அதிகாரி. அவர் முகர்ந்து தலையாட்டாமல் ஒரு சோப்புக்கட்டிகூட வெளியே போகாது. குடும்பத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'மூக்கு' என்று பெயர். அன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முன்சீட்டில் தங்கை கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். மூக்கு கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணைத் திறந்து இருவரையும் நிதானமாகப் பார்த்தார்.

"பெட்ரோல் வாடை வருது, மாப்பிள்ளை. பின்னாடியே பேட்டரி இருக்கு. ஒரு பொறி போதும். என் தங்கச்சி உக்கார்ற வண்டி இது."

"சரி பண்ணிடறேன், மச்சான்."

"மூணு வாரம். அதுக்குள்ள சரியாகலேன்னா, பழைய கார் சேத்து வைக்கிறவர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. அவர்கிட்ட விட்டுடுவேன்."

மாமனாருக்குப் பிறகு காரின் ஆர்.சி. புக் மைத்துனர் பெயருக்குத்தான் மாறியிருந்தது. நூலகர் அன்று சாப்பிடவில்லை.

மறுநாளே மெக்கானிக் வந்தார். தொட்டிக்குப் பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து இறங்கும் ரப்பர்க் குழாயை உருவி வெளியே எடுத்துக் காட்டினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"இதான் சார் குற்றவாளி. புதுசு போட்டாச்சு. இனிமே டிக்கியிலயே பாய் போட்டுப் படுக்கலாம்."

"வாடை போயிடுச்சா?"

"என்னைக் கேக்காதீங்க. முப்பது வருஷமா பெட்ரோல்லயே இருக்கேன். எனக்கு எங்க தெரியப்போகுது?"

நூலகர் முகர்ந்தார். ஒன்றும் இல்லை. மனைவியைக் கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. சுத்தமா இருக்கு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மூக்கு வாசலில் செருப்பைக் கழற்றியபோது நூலகர் பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகிறவர் போல முழித்துக்கொண்டு நின்றார். மூக்கு பின்சீட்டில் உட்கார்ந்து மூச்சை இழுத்தார். நூலகர் முன்சீட்டிலிருந்து திரும்பி, உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மூக்கு அவரையே பார்த்தார்.

"இருக்கு, மாப்பிள்ளை."

"எனக்குத் தெரியலையே அண்ணா," என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாது. லேசா இருக்கு. அடியில ஒளிஞ்சிருக்கு."

சோப்புக் கம்பெனியே நம்பும் மூக்கை நூலகர் எப்படி நம்பாமல் இருக்க முடியும்? அன்றிலிருந்து அவருக்கே அந்த வாடை வர ஆரம்பித்தது. நூலகத்தில் வந்தது. தலையணையில் வந்தது. மனைவி வைத்த ரசத்திலும் வந்தது. அதை வாய்விட்டுச் சொன்னதில் வேறொரு தகராறும் வந்தது.

"வாடை இருந்தா இருக்கட்டும், பொறி வேணாம்," என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு முடிவாகச் சொன்னார். "பேட்டரியை டிக்கியிலேர்ந்து எடுத்துடுங்க. தொட்டிக்கிட்ட இருந்தாத்தானே வம்பு?"

"எங்க சார் வைக்கிறது? மடியிலயா?"

"பின்சீட்டுக்கு அடியில. புத்தகத்துலயே போட்டிருக்கு, சில கார்ல அங்கதான் இருக்குமாம்."

"உங்க புத்தகத்துல அதுக்கு மூடி போடணும்னு போட்டிருக்கா?"

"அது அடுத்த பக்கத்துல இருக்கும். நான் இன்னும் அங்க வரல."

மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். மூடியை அடுத்த வாரம் கொண்டுவந்து போடுவதாகவும், அதுவரை கனமான ஆள் யாரும் பின்னால் உட்காரவேண்டாம் என்றும் சொன்னார். மூக்கு மெலிந்தவர் அல்ல என்பது நூலகருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூக்கு பின்சீட்டில் பொத்தென்று இறங்கினார். சீட்டின் ஸ்பிரிங் நெளிந்து பேட்டரியின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டது. மூக்கு கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ கருகுது," என்றாள் மனைவி.

"சீட்டு நார் கருகுற நாத்தம்!" என்று நூலகர் அலறினார். "மச்சான், எந்திரிங்க!"

பக்கத்து வீட்டுக்காரர்கூட ஜன்னலைத் திறந்து, "யார் வீட்டுல என்ன தீயுது?" என்று கேட்டார். மூக்கு மட்டும் விரலை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். தீர்ப்பு சொல்லும்போது குறுக்கே பேசுவது அவருக்குப் பிடிக்காது.

"பேசாம இருங்க. எனக்கு ஒரு நிமிஷம்..."

அந்த நிமிஷம் முடிவதற்குள் சூடு அவரை எட்டிவிட்டது. அவர் காரிலிருந்து வெளியே வந்த வேகத்தை அந்தக் குடும்பம் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. மனைவி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க, நூலகர் பேட்டரி வயரைப் பிடுங்க, தண்ணீர் நூலகர் மேல் விழுந்தது.

மூக்கு கால்சட்டையின் பின்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சொட்டச் சொட்ட நின்ற நூலகரின் முகத்தைப் பார்த்தார்.

"வாடையும் இருக்கு," என்றார். "இன்னும் ஒரு வாரம்தான், மாப்பிள்ளை."

அந்த வாரம் நூலகர் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்தார். பேட்டரி மறுபடி டிக்கிக்குப் போனது. இம்முறை மூடி போட்ட பெட்டிக்குள், பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, பெட்டியின் ஆவி தரைவழியாக வெளியே போக ஒரு குழாயும் வைத்து. டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தகரம் அடித்து, ஓரமெல்லாம் ரப்பர் வைத்து இறுக்கினார் மெக்கானிக்.

"இனிமே கொசுகூட உள்ள வராது, சார்."

நூலகருக்கு அதுவும் போதவில்லை. மெக்கானிக் போனபின் பெட்ரோல் மூடியைக் கழற்றிப் பார்த்தார். அதில் ஊசித் துளை அளவுக்கு ஒரு ஓட்டை. ஆகா, கள்ளன் இங்கேதான் ஒளிந்திருக்கிறான் என்று அதில் பசையை வைத்து அடைத்தார்.

மறுநாள் மனைவியோடு ஒரு சுற்று போனார். மூன்றாவது சிக்னலில், நட்டநடுச் சாலையில், கார் இருமிவிட்டு நின்றது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இருவரும் இறங்கித் தள்ளினார்கள். காரை அன்றுதான் மனைவி முதல்முறையாகத் திட்டினாள். பிறகு அது அப்பாவின் கார் என்பது நினைவுக்கு வந்து, திட்டை நூலகர் பக்கம் திருப்பினாள்.

மெக்கானிக் வந்து பெட்ரோல் மூடியைத் திருகினார். உஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு கேட்டது.

"யார் சார் ஓட்டையை அடைச்சது?"

நூலகர் சாலையின் எதிர்ப்பக்கம் எதையோ பார்த்தார்.

"பெட்ரோல் உள்ளேர்ந்து போகப் போக அந்த எடத்துக்குக் காத்து வரணுமில்ல? உங்க மூக்கையும் வாயையும் நான் இப்படி அடைச்சா நீங்க ஓடுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப அதுவும் ஓடாது. இனிமே நான் இல்லாதப்ப வண்டியைத் துடைங்க, போதும்."

சனிக்கிழமை சாயங்காலம் நூலகர் கொட்டகையில் காருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். செய்யக்கூடியதெல்லாம் செய்தாகிவிட்டது. மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"குடுத்துடலாம்," என்றார் அவர். "நாளைக்கு நானே சாவியை அண்ணன் கையில குடுத்துடறேன்."

அவள் பானெட்டைத் தடவினாள். அவள் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டதே இந்தக் காரில்தான். ஆனால் சொல்லிவிட்டதும் நூலகருக்கு மூன்று வாரத்தில் முதல்முறையாக மனசு லேசானது. படுத்ததும் தூங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூக்கு தன் மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். நூலகர் நன்றாகச் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, சாவியைப் பையில் தயாராக வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வரவேற்றார். எல்லோரும் ஏறினார்கள். நாலு தெரு சுற்றினார்கள். கடைசிப் பயணம்தானே என்று நூலகர் ரசித்து ஓட்டினார். வாசலில் வந்து நிறுத்தி, திரும்பி, "சொல்லுங்க மச்சான்," என்றார், கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பதுபோல.

மூக்கு ஒரு இழுப்பு இழுத்தார். நூலகரைப் பார்த்தார். இன்னொரு இழுப்பு இழுத்தார். மறுபடி பார்த்தார்.

"துளி வாடை இல்ல."

"என்ன?"

"துளிகூட இல்லைங்கிறேன். பிரமாதம், மாப்பிள்ளை! வண்டி இங்கயே இருக்கட்டும். ஆர்.சி. புக்கையும் தங்கச்சி பேருக்கு மாத்திடறேன்."

மனைவி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், உடனே டீ போட உள்ளே ஓடினாள். மூக்கும் அவள் பின்னாலேயே போனார். நூலகர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்துவிட்டார்கள். உலகம் பூராவும் நல்லவர்களாக இருந்தார்கள்.

காரிலிருந்து மெதுவாக இறங்கிய மைத்துனரின் மனைவியைப் பார்த்து, "அக்கா, நான் குடுத்துவச்சவன்," என்றார். "மச்சான் மூக்கு பாஸ் போட்டுடுச்சுன்னா, அப்புறம் உலகத்துல வேற யார் சர்ட்டிபிகேட்டும் வேணாம்."

அந்த அம்மாள் வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெளியில சொல்லிடாதீங்க, தம்பி. அவருக்கு வாசனையே தெரியாம போயி ரெண்டு வருஷமாச்சு. கம்பெனியிலயும் சரி, இங்கயும் சரி, எதிர்ல நிக்கிறவங்க மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்றாரு."