மூலை கழித்த ஐந்து சதம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கோயில் கற்பூரம், பள்ளிவாசல் படி, அந்தோனியார் பாதம், மூன்றின் மேலும் சத்தியம். ஒன்றின் மேல் மட்டும் செய்தால் கொட்டாஞ்சேனையில் மற்ற இரண்டு தெருக்காரரும் நம்பமாட்டார்கள்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுவிட்டுப் போனதற்கு அடுத்த வருஷம். துறைமுகப் பக்கம் கொப்பரா மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்று, சொந்தக்காரர் குண்டுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவிட்டதால் வெறுமையாகக் கிடந்தது. அதில் ஒரு மகான் வந்து இறங்கினார். பெயர் வட்டச் சுவாமி. எங்கிருந்து வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாடகைக்கு அறை தேடி வருகிறவனிடம்தான் ஊர், தகப்பன் பெயர், தொழில் எல்லாம் கேட்க வேண்டும். மகானிடம் கேட்டால் மரியாதை இல்லை.

சுவாமி மகத்தான உண்மை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்.

"காசு ஏன் வட்டமாக இருக்கிறது?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். கூட்டம் வாயைத் திறக்கும். பதில் சொல்ல அல்ல, வெறுமனே திறக்கும்.

"சூரியன் வட்டம். சந்திரன் வட்டம். நீங்கள் காலையில் தின்ற அப்பம் வட்டம். சனி என்று சொல்லுங்கள், சாத்தான் என்று சொல்லுங்கள், ஷைத்தான் என்று சொல்லுங்கள், அவன் உட்காருவதற்கு ஒரு மூலை வேண்டும். வட்டத்தில் அவன் எங்கே உட்காருவான்? ஐந்து சதத்தைச் சதுரமாக அடித்தார்கள். நாலு மூலை! நாலு மூலையிலும் உட்கார்ந்துகொண்டான். குண்டு ஏன் விழுந்தது என்று இப்போது விளங்குகிறதா?"

எல்லோருக்கும் விளங்கியது. ஜப்பானுக்கு மட்டும்தான் விளங்கியிருக்காது.

விளக்கம் மட்டும் சொல்லிவிட்டு விடுகிறவர் அல்ல சுவாமி. பரிகாரமும் வைத்திருந்தார். அதற்கு 'மூலை கழித்தல்' என்று பெயர். ஐந்து சதத்தை வெற்றிலையில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். சுற்றும்போது காசைப் பார்க்கவே கூடாது, மூலை கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். பொட்டலத்தைச் சுவாமி ஒரு பெரிய ஊறுகாய்ச் சாடிக்குள் போடுவார். சாம்பிராணிப் புகை. மணி. "உருளுக! உருளுக!" என்று ஒரு முழக்கம். பிறகு சாடிக்குள் கையை விட்டு எடுத்தால், ஆகா, வட்டக் காசு! செம்பு நிறம், ராசாவின் தலை, 'ஒரு சதம்' என்ற எழுத்து உட்பட எல்லாம் கச்சிதம்.

இதற்குச் சுவாமி ஒரு சதமும் காணிக்கை வாங்குவதில்லை. ஊரெல்லாம் இதைத்தான் சொல்லிச் சொல்லி உருகியது. உண்மைதானே! அவர் எங்கே ஒரு சதம் வாங்கினார்? ஒரு சதம் கொடுத்தார்.

வெள்ளவத்தையிலிருந்து சனம் பஸ் ஏறி வந்தது. பொரளையிலிருந்து வந்தது. கொலன்னாவையிலிருந்து எண்ணெய்த் தாங்கிக் கூலிகள் சம்பளத்தோடு வந்தார்கள். வெற்றிலை விலை இரட்டிப்பானது. ஒருவர் தன் கட்டிலின் நாலு மூலையையும் அறுத்துவிட்டுத் தரையில் படுத்தார். இன்னொருவர் இனித் தெரு மூலையிலும் திரும்புவதில்லை என்று சபதம் எடுத்து, பொரளைக்குப் புறப்பட்டு, நேரே நடந்து துறைமுகத்தில் விழுந்தார். யுத்தத்தால் சில்லறைத் தட்டுப்பாடு என்று அரசாங்கம் அறிக்கை விட்டது. பாவம், அரசாங்கத்துக்குச் சாடியைத் தெரியாது.

இதில் மாட்டிக்கொண்டவர் பலீல் நானா. கிட்டங்கிக்கு எதிர்ப்புறம் தேத்தண்ணிக் கடை. ஒரு கோப்பை ஐந்து சதம்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இராமர் ஒரு நாள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் செம்புக் காசு ஒன்றை வைத்தான்.

"என்ன இராமர் இது? ஒரு சதம்."

"ஒரு சதம் இல்லீங்க நானா, அஞ்சு சதம். சாமி வட்டமாக்கிக் குடுத்தது."

"இதில ஒரு சதமெண்டு எழுதியிரிக்கி."

"எழுத்தப் பாக்காதீங்க, மகிமையப் பாருங்க."

"சீனிக் கடைக்காரன் மகிமைக்குச் சீனி நிறுப்பானா?"

இராமருக்குக் கோபம் வந்தது. கோப்பையை மேசையில் ஓங்கி வைத்தான். "உங்க மேசையிலயே மூலைக் காசு ஒண்ண ஆணியடிச்சு வச்சிருக்கீங்க. அப்பறம் புத்தி எப்புடி நேரா போகும்?"

மேசையில் ஆணியடித்து ஒரு காசு இருந்தது வாஸ்தவம். எவனோ ஏமாற்றிக் கொடுத்த கள்ள ஐந்து சதம், வெறும் ஈயம். ஐந்து சதத்தைக்கூட உட்கார்ந்து கள்ளமாக அடிக்கிற அளவுக்கு உழைப்பாளிகள் நிறைந்த ஊர் இது. இனி ஒருவனும் துணியக் கூடாது என்று பலீல் நானா அதன் நடுவில் ஆணியை இறக்கி மேசையோடு அறைந்திருந்தார். மூன்று வருஷமாக அதன் மேல்தான் எல்லோரும் கோப்பை வைத்தார்கள்.

அப்போது மீன்கூடையோடு வந்த மெற்றில்டா தன் பெருவிரலை நீட்டினாள். "இஞ்ச பாருங்க நானா, மூலை கீறின காயம். சாமியிட்டப் போனாப் பிறகுதான் ஆறினது."

மீன் வெட்டுகிறவளின் விரலில் வேறெதுவும் கீறியிருக்க முடியாதுதான். பலீல் நானா கோப்பையைக் கழுவினார்.

அவருக்குப் பகுத்தறிவு படிப்பால் வரவில்லை. கல்லா மெலிய மெலிய வந்தது. இந்த நாட்டில் அது பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது.

ஆனால் இடி விழுந்தது வீட்டில். மகள் ஸமீமாவின் கலியாணத்துக்கென்று மனைவி உம்மு குல்தூம் ஒரு மண்முட்டி நிறைய ஐந்து சதக் காசு சேர்த்து வைத்திருந்தாள். ஆயிரம் காசு, ஐம்பது ரூபாய். அந்த முட்டியின் வாயை அவள் வெற்றிலையால் மூடிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழம சாமியிட்டக் கொண்டு போற. மாப்புளட உம்மா சொல்லிட்டா, மூலச் சல்லி ஒண்டு வாசல் மிதிச்சாலும் கலியாணம் இல்லயாம்."

"குல்தூம், அவன் அஞ்ச வாங்கி ஒண்டத் தாரான்!"

"என்ன பேச்சு இது? ஆயிரம் போட்டா ஆயிரம் வருதாம். எண்ணிப் பாத்தாக்களே சொல்ற. ஒண்டு கொறையல்ல."

"வார ஆயிரமும் ஒரு சதம்!"

"நீங்க எப்பவும் சல்லியத்தான் பாக்கிற. புள்ளட வாழ்க்கையப் பாக்கிறல்ல."

பலீல் நானா தலையில் கை வைத்தார். முட்டி போனால் ஐம்பது ரூபாய் பத்தாகும். போகாவிட்டால் கலியாணம் நிற்கும். உள்ளே ஸமீமா அழும் சத்தம் கேட்டது.

"சரி," என்றார். "முதல்ல நான் ஒரு காசு குடுத்துப் பாக்கிறன். அது சரியெண்டா நீ முட்டிய வை."

"இப்பதான் உங்களுக்குப் புத்தி வந்திரிக்கி."

அவர் கடைக்குப் போய்க் குறடு ஒன்றை எடுத்தார். மேசையில் இருந்த ஆணியைப் பிடுங்கினார். ஓட்டை விழுந்த கள்ளக் காசை வெற்றிலையில் பக்குவமாகச் சுற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கியில் கால் வைக்க இடமில்லை. ஒரு பொலிஸ் ராலஹாமிகூடத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கையில் வெற்றிலைப் பொட்டலத்தோடு வரிசையில் நின்றார். ஒழுங்கைக் காப்பாற்ற வந்தாராம்.

பலீல் நானாவின் முறை வந்தது. பொட்டலம் சாடிக்குள் விழுந்தது. புகை, மணி, "உருளுக! உருளுக!" ஒரு செம்புக் காசு வெளியே வந்தது. அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"சாமி, இது என்ட காசுதானா?"

"உன் காசேதான். மூலை மட்டும் கழிந்தது."

"வேற காசு மாத்தித் தரல்லியே?"

கூட்டம் சீறியது. சுவாமி கையை உயர்த்தி அடக்கினார். "மாற்றுகிறவன் வியாபாரி. நான் ஆக்குகிறவன்!"

"அப்ப என்ட காசிட நடுவில ஒரு ஓட்ட இருந்திச்சே. அது எங்க?"

சுவாமியின் தாடி லேசாக ஆடியது. ஆனாலும் மகான் மகான்தான். "ஓட்டை வழியே செல்வம் ஒழுகும். அதையும் அடைத்துவிட்டோம்!"

கூட்டம் கை தட்டியது. மெற்றில்டா கண்ணீர் விட்டாள். வீட்டில் ஓட்டைக் குடம் வைத்திருந்தவர்கள் அதைக் கொண்டுவராமல் போனோமே என்று ஏங்கினார்கள். உம்மு குல்தூம் முட்டியைச் சாடியருகே தள்ளினாள்.

"கொஞ்சம் நில்லு!" என்று முட்டியின் மேல் கை வைத்தார் பலீல் நானா. "இராமர், என்ட மேசையில ஆணியடிச்சிருந்த காசு தெரியுமா?"

"தெரியாமலா? ஈயக் காசு. கள்ளக் காசுங்க."

"அதத்தான் இப்ப உள்ள போட்டனான். ஈயத்தைச் சாமி செம்பாக்கிட்டார். செல்லாக் காசைச் செல்லுற காசாக்கிட்டார். எல்லாருக்கும் முன்னால, தானே ஆக்கினதா வாயாலயும் சொல்லிட்டார்." பிறகு வரிசைப் பக்கம் திரும்பினார். "ராலஹாமி, வீட்டில காசு ஆக்கிறவருக்கு எத்தனை வருஷம்?"

ராலஹாமியின் பொட்டலம் முதுகுக்குப் பின்னால் போனது. தொப்பி தலைக்கு வந்தது. தொப்பியோடு சட்டமும் வந்தது.

"சாமி காசி செய்றதா?" என்று சிங்கள வாடைத் தமிழில் அதட்டினார். "அது பெரிய கேஸ்! மறியல்! ஜெயில்!"

சுவாமியின் செந்தமிழ் அந்த இடத்திலேயே உதிர்ந்தது.

"ஐயோ ராசா! நானெங்க காசு செஞ்சேன்? மாத்தித்தான் குடுத்தேன்! சத்தியமா மாத்தித்தான்! சாடிக்குள்ள ஒரு பலகை, அதுக்குக் கீழ உங்க அஞ்சு சதமெல்லாம் அப்புடியே கெடக்கு. வேணும்னா பாருங்க!"

ஒரு மகான் சொன்னதில் முழுக்க உண்மையான வாக்கியங்கள் இவைதான். இவற்றை மட்டும் கூட்டம் நம்பத் தயங்கியது.

இராமர் மெதுவாகக் கணக்குப் போட்டான். அவன் உதடு அசைவதை எல்லோரும் பார்த்தார்கள். கணக்கு முடிந்ததும் சாடியைத் தூக்கி நிலத்தில் அடித்தான். செம்புக் காசுகள் வாசலைத் தாண்டி, சரிவில் உருண்டு, தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் ஓடின. சனம் பின்னால் ஓடியது. வெற்றிலை அவிழ்ந்த சதுரக் காசுகள் எங்கும் ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே குவியலாகக் கிடந்து சாட்சி சொல்லின. குவியலின் உச்சியில், நடுவில் ஆணி ஓட்டையோடு, பலீல் நானாவின் ஈயக் காசு.

உம்மு குல்தூம் முட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்து, வெற்றிலையைப் பிய்த்து எறிந்தாள்.

"அப்ப காசெல்லாம் ஏன் நானா வட்டமா இருக்கு?" என்று மெற்றில்டா கேட்டாள்.

"அடிக்கிறவனுக்கு லேசு. அடுக்கிறவனுக்கும் லேசு. சுத்தி ஒரே மாதிரித் தேயும், சட்டைப் பையக் கிழிக்காது. அஞ்சு சதம் மட்டும் இருட்டில தடவினாலும் கைக்குத் தெரியட்டுமெண்டு சதுரம்."

"அவ்வளவுதானா?" மெற்றில்டாவின் முகம் வாடிவிட்டது. கூட்டத்துக்கும் அது பிடிக்கவில்லை. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது இதைக் கேட்பதற்கா?

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளையின் உம்மா ஐம்பது ரூபாயையும் மூலை மூலையாக எண்ணி வாங்கிக்கொண்டார்.

பலீல் நானா ஈயக் காசைப் பழைய இடத்திலேயே அறைந்தார். மறுநாள் காலையில் கடை வாசலில் வரிசை நின்றது. தேத்தண்ணிக்கு அல்ல. சாமியையே வென்ற காசாம், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டுமாம். இது வெறும் கள்ளக் காசு என்று அவர் கத்தினார்.

"எவ்வளவு அடக்கம், பாருங்க!" என்று மெய்சிலிர்த்தார்கள்.

ஆத்திரத்தில் காசைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார். அன்றிலிருந்து மேசையில் இருந்த ஆணித் துளைக்குப் பூப்போட்டார்கள்.

சுவாமியைத் திட்டி என்ன பயன்? பலீல் நானா வரும்வரை அந்தக் கிட்டங்கியில் காசை உற்றுப் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். மற்ற எல்லோரும் காசைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டவர்கள். எதையாவது நம்புமுன் ஒரு தடவை கையை விரித்துப் பாருங்கள். சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும் கதைகளுக்கும் இது பொருந்தும்.

இலங்கையின் சதுர ஐந்து சதத்துக்குக் கூரான மூலை ஒன்றுகூடக் கிடையாது. நான்கும் அச்சிலேயே மழுக்கி வளைக்கப்பட்டவை.