குளத்தை மண் போட்டு மூட அனுமதி கேட்டு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே பொய் சொன்னவன் ஆவேன் என்பதால், இங்கே இருவரும் உயிரோடு இருக்கிறோம் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். அந்தக் குளிர் ஊரில் நீங்கள் அனைவரும் கம்பளிக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளோடு வருவதாகவும், பிள்ளைகள் இப்போதே நீச்சல் உடை வாங்கி வீட்டுக்குள் போட்டுக்கொண்டு திரிவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் தங்கை தினமும் அரை மணி நேரம் தண்ணீரில் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "என் வீட்டுக்குப் பின்னாடி நீச்சல் குளம் சும்மாதானே கெடக்குது, போய் இருங்க" என்று சாவியை என் கையில் வைத்தீர்கள். குளத்தைக் குளமாக வைத்திருக்க வேண்டும் என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டுக்கொண்டீர்கள். மச்சான், அந்த ஒரு வார்த்தையை நான் காப்பாற்றவில்லை.

முதல் தப்பு தொப்பிக்காரரை நிறுத்தியது. வாரம் இரண்டு தடவை ஓலைத்தொப்பி வைத்துக்கொண்டு குளத்தைச் சுத்தம் செய்ய வருவாரே, அவரைத்தான் சொல்கிறேன். ஓரமாக நாற்காலி போட்டு இரண்டு வாரம் கவனித்தேன். சுவரைத் தேய்க்கிறார், வலையால் இலையை எடுக்கிறார், ஏதோ தூளைத் தூவுகிறார், போய்விடுகிறார். இதற்கு ஒரு சம்பளமா என்று எனக்கு வயிறு எரிந்தது. பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் நேரக் கண்காணிப்பாளராக இருந்து இருநூறு பஸ்களை நிமிஷம் பிசகாமல் அனுப்பியவனுக்கு, நின்ற இடத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? அவர் வாதாடவில்லை. "வெயில் காலம் வருது சார், பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து பம்ப்பில் கை வைத்தேன். தினமும் எட்டு மணி நேரம் ஓடுவதைப் பார்த்தால் மின் கட்டண ரசீதே என் மார்பில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரமாகக் குறைத்தேன். நாலாம் நாள் தண்ணீரில் லேசாகப் பச்சை. மர நிழல் என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன். ஆறாம் நாள் பார்த்தால் அந்தப் பச்சை எந்த மரத்திலும் இல்லை. சரி, குளோரின் போடுவோம் என்று தினமும் பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அளந்து போட்டேன். போடப் போடப் பச்சைதான் ஏறியது. மருந்துத்தூள் விற்கிற கடைக்காரம்மாவிடம் போய், கலப்படமா என்று கேட்டேன். எத்தனை மணிக்குப் போடுகிறேன் என்று விசாரித்தார். நானும் பெருமையாகச் சொன்னேன். "அப்ப நீங்க தண்ணிக்குப் போடல, வெயிலுக்குப் போடுறீங்க. பொழுது சாஞ்சப்புறம் போடுங்க" என்றார். கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ரோஷத்தில் விட்ட வாரத்துக்கும் சேர்த்து ஒரே சாயங்காலத்தில் மொத்தமாகக் கொட்டினேன். மறுநாள் காலையில் இறங்கிய உங்கள் தங்கை கண்ணெல்லாம் சிவந்து ஏறி வந்தாள். அவளுடைய கருநீல நீச்சல் உடை என்ன நிறத்துக்கு வந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை, வெந்த கத்தரிக்காய்த் தோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உடையை என் நாற்காலிக்கு நேர் எதிரே கொடியில் காயப்போட்டாள், அவ்வளவுதான்.

இதற்கிடையில் தண்ணீர் தினமும் அரை விரல் இறங்கிக்கொண்டே வந்தது. கசிகிறது என்று நானே முடிவுகட்டி, பின்வாசல் கல் தளத்தை மூன்று இடத்தில் பெயர்த்துக் குழாயைத் தேடினேன். குழாய் அகப்படவில்லை, கட்டைவிரல் நகம்தான் போனது. கடைசியில் கசிவு பார்க்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, வாளியிலும் குளத்துச் சுவரிலும் கோடு போட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். மறுநாள் இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தது. கசிவே இல்லையாம், வெயில்தான் குடிக்கிறதாம். மேலே ஏதாவது போட்டு மூடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டார். வாளி நம்முடைய வாளி.

இனிமேல்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூடுவதற்கென்றே போர்வை விற்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டு, லாரிக்குப் போடுகிற பழைய தார்ப்பாய் இரண்டை வாங்கி நானே சேர்த்துத் தைத்தேன். நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்துவிட்டுப் பார்த்தால் சமதரை மாதிரி அவ்வளவு அழகு. பக்கத்து வீட்டு வாத்தியாரம்மாவின் நாய்க்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. போன வாரம் மத்தியானம் வேலி தாண்டி வந்து அதன்மேல் நடந்தது. நான் போட்ட தையல் விட்டது. நாய் உள்ளே போய்விட்டது.

எனக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. குதித்துவிட்டேன். தார்ப்பாய் தலையில் சுற்றிக்கொண்டது, கயிறு காலில் மாட்டிக்கொண்டது, வாய் நிறையப் பச்சைத் தண்ணீர். சரி, நம்ம கதை முடிஞ்சது, கடைசியில ஒரு நாய்க்காகப் போறோமேன்னு நெனச்சேன் மச்சான். சத்தம் கேட்டு உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து வந்தாள். கைத்தடியை எங்கே போட்டாளோ, படியில் இறங்கினாளா குதித்தாளா, தெரியாது. என் சட்டைக் காலரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"நில்லுங்க," என்றாள்.

நான் இன்னும் கையைக் காலை அடித்துக்கொண்டிருந்தேன்.

"காலை ஊனி நில்லுங்கன்னு சொல்றேன். இடுப்பளவுதான் இருக்கு."

நின்றேன். இடுப்புக்கும் கீழேதான் இருந்தது. நாய் ஏற்கெனவே கரையேறி, வேலியோரம் உடம்பை உதறிக்கொண்டிருந்தது. வாத்தியாரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது நடந்து எட்டு நாள் ஆகிறது. அன்று ராத்திரி உங்கள் தங்கையின் முழங்கால் வீங்கியது. ஒத்தடம் கொடுக்கப் போனேன், கையைத் தள்ளிவிட்டாள். சாப்பாடு வருகிறது, பேச்சு வருவதில்லை. கால் குணமாகட்டும் என்று நீங்கள் தந்த குளத்தில் அவள் காலைக் கெடுத்ததுதான் மிச்சம். பின்பக்க ஜன்னலை அன்றைக்குச் சாத்தியவன் இன்னும் திறக்கவில்லை. அந்தப் பச்சையைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே தீர யோசித்து, குளத்தை மண் போட்டு மூடிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். லாரிக்குச் சொல்லியாயிற்று, நாளைக் காலை வருகிறது. உங்கள் அனுமதி வரும்வரை காத்திருக்கத் தைரியமில்லாததால் முதலில் மூடிவிட்டு அனுமதி கேட்கிறேன். பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வேறு ஊருக்கு அழைத்துப் போங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள். உங்கள் குடும்பம் பல்லாண்டு வாழட்டும். முடிந்தால் என்னை மன்னியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்குத் தகுதியில்லாத தங்கை கணவன்

பி.கு.: மேலே எழுதியதில் பாதியை அடித்துவிட்டுப் படிக்கவும். லாரி வந்துவிட்டது. டிரைவருக்கு வழி காட்ட எட்டு நாள் கழித்துப் பின்பக்கம் போனேன். குளத்தின் அடித்தளத்து ஓடுகளை எண்ணலாம் போல் தண்ணீர் கிடக்கிறது. நடுவில் உங்கள் தங்கை, மார்பளவுத் தண்ணீரில், தடியில்லாமல் நடந்துகொண்டிருக்கிறாள். வீக்கம் வடிந்த மறுநாளே தொப்பிக்காரரைக் கூப்பிட்டுவிட்டாளாம். நான் தூங்குகிற நேரத்தில் பம்ப் ஓடியிருக்கிறது, குறைந்த தண்ணீரும் நிரம்பியிருக்கிறது. விடிகாலையில் தினமும் நடந்திருக்கிறாள். மண்ணை என்ன செய்வது என்று டிரைவர் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். "கொட்டச் சொல்லுங்க, நான் மேல ஏறப் போறதில்ல" என்றாள். எட்டு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அண்ணன் படிக்கட்டும், அனுப்புங்கள் என்கிறாள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். டிரைவர் இன்னும் போகவில்லை. வெயில் தாங்கவில்லை என்று கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, இரண்டு காலையும் தண்ணீரில் விட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறார்.