தக்காளியிடம் கேட்ட சம்மதம்

வேன் செய்கிறவர்களுக்குக் கற்பனை வறட்சி என்று சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. நான் பள்ளிக்கூடம் போன வேனும், ஓசூரில் ஃபிட்டராகச் சேர்ந்தபின் நண்பனிடம் இரவல் வாங்கிய வேனும் ஒரே மூஞ்சி. அதே வெள்ளை, அதே சப்பை மூக்கு. (ஸ்டிக்கரை மட்டும் மாற்றிவிட்டுப் புது மாடல் என்பார்கள்.)

அந்த இரவல் வேனில்தான் என் நிச்சயதார்த்தத்துக்கு அம்மாவை நாகரசம்பட்டிக்கு அழைத்துப்போனேன். பெண் என் கம்பெனியில் வேலை பார்த்தவள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கோ தன் அண்ணன் மகள்தான் மருமகளாக வரவேண்டும். ஓசூர் தாண்டியதுமே பேச்சை நிறுத்திவிட்டார். முன் சீட்டுக்குப் பின்னால் இருந்த திரையையும் இழுத்துவிட்டுக்கொண்டார். அப்பா இல்லாத வீடு. அம்மா மனம் இளகாவிட்டால் தட்டு மாற்ற ஆளில்லை.

ராயக்கோட்டை மார்க்கெட்டில் மாலை வாங்க இறங்கினேன். திரும்பி வந்து வெள்ளை வேனில் ஏறினேன். சீட்டுக்குப் பின்னால் அதேபோல மூடிய திரை. சாவியைத் திருகினேன், கிளம்பியது. (தேய்ந்த சாவி பக்கத்து வண்டிக்கும் பொருந்தும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.)

ஒரு மணி நேரம் கெஞ்சினேன்.

"அம்மா, ஒரு வார்த்தை பேசுங்கம்மா. அவ நல்ல பொண்ணும்மா."

பள்ளத்தில் வண்டி குதித்தபோது பின்னால் 'தொம்' என்றது. கோபத்தில் காலை உதைக்கிறார் என்று நினைத்து, வெட்கமில்லாமல் அழுதேவிட்டேன்.

பெண் வீட்டு வாசலில் எல்லோரும் பார்க்கப் பின்கதவைத் திறந்தேன். பன்னிரண்டு பெட்டி தக்காளி!

"மாப்ள, அம்மா எங்கங்க?" என்றார் மாமனார். நான் பெட்டிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

நல்ல நேரம் முடியக் கால் மணி இருக்கையில் என் வேன் வந்தது. ஓட்டி வந்தவர் முனியப்பா, தக்காளி வியாபாரி.

"என் வண்டின்னுதான் சார் எடுத்தேன். ரெண்டு கிலோமீட்டர் போனப்புறம் பின்னால தும்மல். தக்காளி எங்கயாச்சும் தும்முமா?"

அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு, அம்மாவிடம் ஊர் பேரைக் கேட்டுக் கொண்டுவந்து சேர்த்திருந்தார் அந்தப் புண்ணியவான். வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டித் தீர்க்க, மறுத்துப் பேசாமல் 'ஆமாம்மா, ஆமாம்மா' என்று கேட்டிருக்கிறார். இறங்கிய அம்மாவின் முகமே வேறாக இருந்தது.

"இவரு வீட்லயும் தெலுங்குதானாம்யா. என்னா தங்கமான மனுசன்! சரி, எங்கய்யா என் மருமக?"

முனியப்பாவை முதல் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறினேன். அவரை நினைத்தால் இன்றும் கை தானாகக் கும்பிடுகிறது.

ஆனால் வீட்டில் நான் எதையாவது நீட்டி முழக்கி விளக்கத் தொடங்கினால், மனைவி ஒரு தக்காளியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அம்மாவும் விடுவதில்லை.

"சொல்லுய்யா, அது கேக்கும்."