அக்காவுக்குச் சத்தம் ஆகாது

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும், அதில் குறை வரக்கூடாது. இங்கே சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் அக்காவுக்கு இடது கண்ணும் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறதாம். டாக்டர் கையை விரித்துவிட்டார். அமைதியாக இருக்கட்டும், நன்றாகத் தூங்கட்டும் என்றார். அந்த அமைதியை வாங்கிக் கொடுக்கப் புறப்பட்டுத்தான் இந்தப் பாடு படுகிறேன்.

அச்சகத்துக்குப் போவதை விட்டுவிட்டு, பிழை திருத்துகிற வேலையை அவள் கட்டிலுக்கு அடுத்த அறையிலேயே கம்ப்யூட்டரில் பார்க்கிறேன் அல்லவா? பழையது அடிக்கடி படுத்துக்கொண்டதால் நீ சொன்ன புது பிராசஸரை வாங்கிப் போட்டேன். அதோடு வந்த கூலர், அதாவது அதன் தலைமேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கிற விசிறி, மாவு மில் மாதிரி இரைந்தது. உன் அக்கா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்றைக்குக் குறை சொன்னாள்? நானாகவே புரிந்துகொண்டு வேறு கூலர் தேடிக் கிளம்பினேன்.

கடைக்காரர் கோபுரம் போல ஒன்றை எடுத்து வைத்து, “இதப் போட்டா கம்ப்யூட்டர் ஓடுறதே தெரியாது சார்” என்றார். மாட்டிய பிறகு கம்ப்யூட்டர் பெட்டியின் கதவு மூடவில்லை. உயரத்தை அளந்து வாங்க வேண்டுமாம், யார் கண்டது? கதவைத் திறந்தே வைத்ததில் இரைச்சல் நேராக அவள் அறைக்குப் போனது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற கூலர் வாங்கினேன். கம்ப்யூட்டருக்குள்ளே தண்ணியான்னு கேட்டதுக்கு, கசியாதுன்னு சிரிச்சார். கசியலதான். ஆனா உள்ளே களக் களக்குன்னு ஒரே சத்தம். “என்னங்க, குழாய மூடுங்க”ன்னா உன் அக்கா. மூடித்தான் இருக்குன்னேன். “அப்ப பக்கத்து வீட்ல மூடல. போய்ச் சொல்லுங்க, பாவம், தண்ணி வீணாப் போகுது.” போய்ச் சொன்னேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பாத்தாங்க. அதையும் திருப்பிக் கொடுத்தாச்சு. இப்போதெல்லாம் கடைக்காரர் என் தலையைக் கண்டதும் டீ குடிக்கப் போய்விடுகிறார்.

மூணாவது குட்டையா, அகலமா, பெரிய விசிறி வெச்சது. மாட்டின கொஞ்ச நேரத்துல மெஷின் சூடாகி அணைஞ்சு போச்சு. கழட்டிப் பாத்தா, அடியில இருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பசை தடவி ஒட்டியிருக்கேன். “உரிக்கவும்னு அது மேலயே போட்டிருக்கே சார்” என்றார் கடைக்காரர். ஊரான் புத்தகத்தில் ஒற்றைக் கொம்பு விட்டுப்போனாலும் பிடித்துவிடுகிற எனக்கு இது கண்ணில் படவில்லை. உரித்துவிட்டு மறுபடி மாட்டினேன். துளிச் சத்தம் இல்லை. எதையோ சாதித்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு மத்தியானமே உன் அக்கா சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து வந்து, நிலைப்படியில் இடறி விழுந்துவிட்டாள். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. நான் கூப்பிடு தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். “எதுக்கு எழுந்தே, கூப்பிட்டா வரமாட்டேனா?” என்று திட்டியும் விட்டேன்.  இந்தக் கூலரிலும் என் காதுக்கு எட்டாத சத்தம் ஏதோ இருந்து அவள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எனக்குச் சந்தேகம். விசிறியே இல்லாத கூலர் வந்திருக்கிறதாமே, தயவுசெய்து விசாரித்து எழுது.

உன் பிள்ளைகள் நிறைந்த ஆயுசோடு இருக்க எங்கள் ஆசி.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் உன் அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டினேன்.  “அந்த இரைச்சல் கேக்கற வரைக்கும் நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு நிம்மதியாத் தூங்குவேன். அன்னிக்கு ஒண்ணுமே கேக்கல” என்றாள். ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்றேன். “குடுத்து, பதில் வரலைன்னா?” என்றாள். அழுதுவிட்டேன். ஆகவே மேலே கேட்டது எதையும் விசாரிக்க வேண்டாம். முதலில் வந்த கூலரையே திரும்ப மாட்டிவிட்டேன். அதைவிட நன்றாக இரைகிற கூலர் எது என்று மட்டும் கேட்டு எழுது. கடைக்காரரிடம் போய் இதைக் கேட்க எனக்கு முகமில்லை.