ரெண்டு தலை குறையுது

"ரெண்டு தலை குறையுது" என்றார் தலைமை எழுத்தர், மூன்றாம் தடவையாகக் கூட்டிப் பார்த்துவிட்டு.

நகரத்தின் மக்கள்தொகை ஐம்பதாயிரத்துக்கு இரண்டு குறைவு. அரசு நகராட்சிக்குத் தலைக்கு இவ்வளவு என்றுதான் பணம் தருகிறது. ஐம்பதாயிரத்தைத் தொட்டுவிட்டால் அது இரு மடங்கு. ஒழுகுகிற நூலகத்துக்குக் கூரை வரும். நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும் தீயணைப்பு வண்டிக்குப் பதில் புதிது வரும். பிள்ளைகளுக்கு நீச்சல்குளம்கூட வரலாம்.

கணக்கைச் சரிபார்க்கும் அதிகாரி அம்மாள் மாலை ஐந்து மணிக்கு வருகிறார்.

"பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பாருங்க சார்" என்றாள் தட்டச்சுக்காரி.

போட்டார். நர்ஸ் எடுத்தாள். "ஒருத்தங்களுக்கு வலி எடுத்திருக்கு சார். ரெட்டைப் பிள்ளை."

தலைமை எழுத்தருக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. "அஞ்சு மணிக்குள்ள ஆயிடுமா சிஸ்டர்?"

"அதை நீங்க பிள்ளைங்ககிட்டதான் கேக்கணும்."

மூன்று மணிக்கு இரண்டும் பிறந்தன. அலுவலகமே எழுந்து கைதட்டியது. தட்டிய கை ஓய்வதற்குள் ஒரு தையல்காரர் உள்ளே வந்தார்.

"பேரை எடுக்கணும் சார். இன்னைக்கே பக்கத்து ஊருக்குப் போறோம். அஞ்சு பேர்."

"ஏன் போறீங்க? இந்த ஊருக்கு என்ன குறைச்சல்?"

"வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார். வேற வீடு அமையல."

தலைமை எழுத்தர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் வீட்டு மாடியில வந்து இருங்க. வாடகையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

மாடியில் மாமனார் இருக்கிறார் என்பது, தையல்காரர் நன்றி சொல்லிப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போன் செய்தார்.

"அப்பா எங்க படுப்பாராம்?" என்றாள் மனைவி.

"ஹால்ல."

போன் கை மாறியது. "சிரமப்படாதீங்க மாப்பிள்ளை. நான் பெரியவ வீட்டுக்கே போயிடறேன்" என்றார் மாமனார்.

பெரிய மகள் இருப்பதும் பக்கத்து ஊர்தான். ஒரு தலை போச்சு.

தலைமை எழுத்தர் ஸ்கூட்டரில் பறந்தார். பேருந்து நிறுத்தத்தில் மாமனார் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போனா ஊருக்கே நஷ்டம் மாமா."

பதினெட்டு வருடத்தில் மாப்பிள்ளை வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்ததில்லை. மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க படுக்கையறையை எனக்குக் குடுத்தா இருக்கேன்" என்றார், கலங்கிய கண்ணோடு.

கொடுத்தார். வீடு திரும்பினால், ஹாலில் நடக்க இடமில்லை. தையல்காரரின் நாலு மெஷின்களும் மாடிப்படித் திருப்பத்தில் நுழையாமல் அங்கேயே நின்றுவிட்டிருந்தன. அவருடைய மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாமளும் பசங்களும் எங்க படுக்கறது?" என்றாள் மனைவி.

"சமையலறையில. கொஞ்ச நாளைக்கு. தீயணைப்பு வண்டி வருதும்மா, புத்தம் புது வண்டி."

"வரட்டும். முதல்ல நம்ம வீட்டுக்குத்தான் வரணும். என் வயிறு எரியுது."

ஐந்து மணிக்கு அதிகாரி அம்மாள் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பென்சில் நகர நகரத் தலைமை எழுத்தரின் தலையும் கூடவே நகர்ந்தது.

"சரியா ஐம்பதாயிரம்" என்றார் அந்த அம்மாள்.

நகராட்சித் தலைவர் ஓடிவந்து தலைமை எழுத்தரைக் கட்டிக்கொண்டார். தட்டச்சுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே நாலு பேர் சேர்ந்து பழைய தீயணைப்பு வண்டியைத் தள்ளி, அதன் மணியை அடித்தார்கள்.

சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்த அதிகாரி அம்மாள், பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார்.

"ஐம்பதாயிரம் ஆனதும் ஊர் ஒரு படி உயர்ந்துடுது சார். தலைமை எழுத்தரும் ஒரு படி மேல இருக்கறவரா வரணும்னு விதி. நாளைக்கு வந்துடுவார், தனிக்கட்டை. உங்களைக் குடும்பத்தோட வேற ஊருக்கு மாத்தியிருக்காங்க."

பிறகு பதிவேட்டைத் திரும்பத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"கணக்கை மாசக் கடைசியிலதான் மூடுவோம். சொல்லுங்க, உங்க வீட்டுல எத்தனை தலை கழிக்கணும்?"